19 வருடம் ஒப்புநோக்கினேன், இப்போது ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்

ஒப்புநோக்கி (ஞாயிறு, இரவு 11.20)

வணக்கம். பேப்பரின் பெயரைச் சொல்லமாட்டேன், கேட்கவும் வேண்டாம். விரல் மடக்கி எண்ணிக் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டு மனதுக்குள் வைத்திருங்கள்.

2006 தை மாதம் ஒப்புநோக்குநராக, அதாவது அச்சுக்குப் போக முதல் பிழை பார்க்கிறவராகச் சேர்ந்தேன். அந்த வருடம் ஆவணியில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்டது. தாள் இல்லை, மை இல்லை, பக்கம் குறைந்துகொண்டே போனது. ஊரடங்கு என்றால் அலுவலகத்திலேயே பேப்பர் கட்டுக்கு மேல் சாரத்தை விரித்துப் படுத்துவிட்டு விடியப் பாணும் சம்பலும் சாப்பிட்டு அடுத்த நாள் வேலையைத் தொடங்குவோம். அந்தக் காலத்தில் சம்பளம் பிந்தியிருக்கிறது, ஆனால் ஒருவரையும் வீட்டுக்குப் போ என்று சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு பேரை ஒவ்வொருவராக மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஒப்புநோக்குப் பிரிவில் நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் அதில். பக்கம் வடிவமைக்கிற தம்பிமார் இரண்டு பேர், ஒரு உதவி ஆசிரியர், பழைய பேப்பர்களைக் கட்டிப் பாதுகாத்த நூலக அக்கா. மேசையில் கடிதம் ஏற்கனவே தட்டச்சு செய்து கிடந்தது. "எனது சொந்த காரணங்களுக்காகப் பதவி விலகுகிறேன்" என்று. கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளம் உடனே காசோலையாகத் தருவார்களாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து 'சொந்த' என்பதற்குப் பக்கத்தில் விடுபட்ட 'க்' ஐப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. முகாமையாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, புதன்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

வீட்டில் மனைவி, கிடைக்கிறதை வாங்குங்கள் என்கிறா. மகளுக்கு இந்த வருடம் ஓ.எல். பரீட்சை. எனக்குச் சம்பளம் 48,000. கையெழுத்துப் போடுவதா விடுவதா? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளேன்ரீ (ஞாயிறு, இரவு 11.41)

தன்னை வேலையால் நிற்பாட்டுகிற கடிதத்தில் சந்திப்பிழை திருத்திக் கொடுத்த முதல் மனிதன் நீங்களாகத்தான் இருப்பீர்கள் அண்ணை. போடாதீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு அவசரமாக ஒருவர் காசு தருகிறேன் என்றால் அதில் என்னவோ இருக்கிறது.

கமராப் பெடியன் (திங்கள், காலை 7.05)

கோபிக்க வேண்டாம் அண்ணை, நேராகச் சொல்கிறேன். என் வயதில் ஒருவரும் பேப்பர் வாங்குவதில்லை. ஊரில் ஒருவர் செத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வர முதலே வட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடுகிறது. எழுத்துப்பிழை பார்க்க இப்போது மென்பொருள் இருக்கிறது, மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்து எந்த முதலாளி வைத்திருப்பான்?

அதற்காக நாங்கள் சொகுசாக இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். நானும் ஒரு ஊடக நிறுவனத்தில்தான் வீடியோ செய்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு துண்டு. கமரா என்னுடையது, டேட்டா என்னுடையது, பெற்றோல் என்னுடையது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துத்தான் என்னோடு கதைக்கிற குரலே மாறும். போன மாதம் ஒரு வாய்க்கால் பிரச்சினைக்கு இரண்டு நாள் அலைந்து எடுத்ததை நாநூறு பேர் பார்த்தார்கள். ஒரு கோயில் யானை குழப்படி செய்ததை வந்தவன் போனவன் எல்லாம் பார்த்தான்.

ஒப்புநோக்கி (திங்கள், காலை 9.30)

தம்பி, கோபம் இல்லை. மென்பொருள் கதைக்கு மட்டும் ஒரு பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மரண அறிவித்தல் எப்படி வரும் என்று தெரியும்தானே. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று ஒரே வசனம் அரைப் பக்கத்துக்கு ஓடும். அதில் 'காலஞ்சென்ற' என்று வந்தால் அதற்கு அடுத்த ஒரு பெயர்தான் செத்தவர். 'காலஞ்சென்றவர்களான' என்று வந்தால் வரிசையில் உள்ள எல்லோரும் செத்தவர்கள். நடுவில் 'வர்களான' என்று ஐந்து எழுத்து, அவ்வளவுதான். இரண்டும் சரியான தமிழ், எந்த மென்பொருளும் அதில் பிழை காட்டாது.

நான் சேர்ந்து மூன்றாம் வருடம் எனக்கே அது தப்பியது. தகப்பன் மட்டும்தான் இறந்தவர், தாய் இருக்கிறா. 'காலஞ்சென்றவர்களான' என்று போய்விட்டது. விடியக் காலை எட்டு மணிக்கு அந்த அம்மா மீசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து அலுவலக வாசலில் நிற்கிறா. மகனின் செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள். சத்தம் போடவில்லை. "தம்பி, நான் இருக்கிறேன் என்று ஒருக்கால் போட்டுவிடு" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து ஒவ்வொரு அறிவித்தலுக்கும், வந்த கையெழுத்துப் பிரதியில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு எடுத்து, அம்மா அப்பா இருவரும் இருக்கிறார்களா என்று கேட்டுத்தான் விடுவேன். அலுவலகத்தில் ஃபோன் பில் கூடுகிறது என்று ஏச்சு வாங்கியதும் உண்டு.

பழைய ஆட்கள் காரைநகரைக் காரைதீவு என்றுதான் எழுதித் தருவார்கள். அம்பாறைப் பக்கமும் ஒரு காரைதீவு இருக்கிறது. எது என்று பார்க்க வீட்டுப் பெயர், மயானத்தின் பெயர் தெரிய வேண்டும். இதையெல்லாம் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பாமினி எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றும்போது உடைகிற எழுத்துகள் பற்றி நான் தொடங்கினால் இந்த இழை முடியாது.

விளம்பரப்பிரிவு (திங்கள், பிற்பகல் 1.15)

நான் வேறு ஒரு பேப்பரில் விளம்பரப் பிரிவில் 14 வருடம் இருந்து போன வருடம் வெளியே வந்தவன். முதலாளிக்காகக் கதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கை மட்டும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பேப்பரை ஓட்டியது செய்தி இல்லை, செத்தவீடு. மரண அறிவித்தல், பிறகு 31ஆம் நாள் நினைவஞ்சலி, பிறகு ஆண்டுத் திவசம், பத்தாம் ஆண்டு என்று ஒருவர் போனால் பத்து வருடத்துக்கு விளம்பரம் வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் இரவிரவாக எடுத்து, கலரில் கால் பக்கம் போடுங்கள், கொழும்புப் பேப்பருக்கும் நீங்களே அனுப்புங்கள் என்பார்கள். அந்தக் காசு இப்போது முழுக்க இணைய அறிவித்தல் தளங்களுக்குப் போகிறது. பேப்பருக்கு ஒரு சின்னப் பெட்டி, அதுவும் ஊரில் இருக்கிற வயதான சித்தப்பா வற்புறுத்துவதால்.

அடுத்தது ரியூசன் விளம்பரம். தை மாதம் வந்தால் இரண்டு பக்கம் நிறையும். வாத்திமார் எல்லோரும் பேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நல்லூர்த் திருவிழா 25 நாளும், புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் பிள்ளைகளின் படமும், பிரதேச சபைகளின் கேள்வி (டெண்டர்) அறிவித்தலும்தான்.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது பேப்பர் அடித்தாலும் கொண்டுபோய்க் கொடுக்க வழி இல்லை. சலூன், தேநீர்க் கடை, சனசமூக நிலையம் எல்லாம் பூட்டு. அந்த இடைவெளியில் ஃபோனில் செய்தி பார்க்கப் பழகிய சனத்தில் கனபேர் திரும்பி வரவில்லை. மூச்சு விட முதல் 2022. டொலர் இல்லை, பத்திரிகைத் தாள் முழுக்க இறக்குமதி. கொழும்பில் ஐலண்ட், திவயின போன்ற பேப்பர்களே அந்தப் பங்குனியில் சனிக்கிழமைப் பதிப்பை அச்சில் நிறுத்தின என்றால் எங்கள் நிலைமையை யோசியுங்கள். விலையைக் கூட்டினோம், கூட்டிய கையோடு சனசமூக நிலையங்கள் மூன்று பேப்பர் எடுத்ததை ஒன்றாக்கின. ஏஜென்டுகளிடமிருந்து விற்காமல் திரும்பி வருகிற கட்டு உயர்ந்துகொண்டே போனது.

ஆகவே நட்டம் என்பது பொய் இல்லை. ஆனால் ஒன்று கேளுங்கள். நான் இருந்த இடத்தில் நட்டம் என்று சொன்ன அதே மாதம் ட்ரோன் வாங்கினார்கள். நட்டம் எப்போதும் சம்பளப் பட்டியலின் கீழ்ப் பக்கத்திலிருந்துதான் குறைக்கப்படும்.

ரொறன்ரோ மாமா (திங்கள், இரவு 9.50)

வாசிக்க மனம் பதறுகிறது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்த மண் அது. 1981இல் நூலகத்தை எரித்த நாட்களில் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தார்கள், அப்போது எனக்கு வயது 17, புகையைக் கண்ணால் கண்டவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொப்பித் தாளில் பேப்பர் அடித்தார்கள். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் செத்தார்கள், அடுத்த நாளும் பேப்பர் வந்தது. அதற்கெல்லாம் நின்று பிடித்த பத்திரிகைத்துறை இன்றைக்குக் காசுக்கு விழுவதா? எல்லோரும் ஒன்றுசேர்ந்து வாசலில் இருந்து போராட வேண்டும். தமிழ்ச் சமூகம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பிளேன்ரீ (திங்கள், இரவு 10.02)

மாமா, சமூகம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கடைசியாக ஊர்ப் பேப்பர் ஒன்றுக்குக் காசு கொடுத்தது எப்போது?

ரொறன்ரோ மாமா (திங்கள், இரவு 11.30)

கேட்டதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். 2019இல் அம்மா தவறியபோது அறிவித்தலை இணையத்தில் மட்டும்தான் போட்டோம். தம்பி ஊர்ப் பேப்பருக்கும் கொடுப்போமா என்று கேட்டவன், நான்தான் எல்லோரும் ஃபோனில் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அம்மாவின் கூட்டாளி ஒருவர் உரும்பிராயில், அவவுக்கு ஃபோன் இல்லை, எட்டுச்சிலவுச் சடங்கு முடிந்த பிறகுதான் தெரிந்ததாம்.

வடமராட்சி நிருபர் (செவ்வாய், காலை 6.10)

ஒப்புநோக்கி அண்ணை, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது, ஆனால் உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. உங்களை நிற்பாட்ட ஒரு கடிதமாவது அடித்தார்கள். பிரதேச நிருபரை நிற்பாட்ட ஒன்றும் தேவையில்லை, அனுப்புகிற செய்தியைப் போடாமல் விட்டால் போதும்.

பதினொரு வருடம். மாதச் சம்பளம் இல்லை, வந்த செய்திக்கு எண்ணிக் காசு. படத்துக்குத் தனி, அதுவும் போட்டால்தான். ஒரு விபத்துச் செய்திக்குப் பருத்தித்துறையிலிருந்து நாகர்கோயில் வரை ஓடிப் போய் வந்தால் அந்தச் செய்தியின் காசு பெற்றோலுக்குக் காணாது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் சைக்கிளில் போய்த்தான் செய்தி எடுத்தேன், வரிசையில் நின்ற சனத்தின் செய்தியையே வரிசையில் நின்றபடி அனுப்பியதும் உண்டு.

நிகழ்வுக்குப் போனால் பேப்பரின் பெயரைச் சொல்லித்தான் கதிரை தருவார்கள். விசாரணைக்கு வா என்று எங்கேயாவது கூப்பிட்டால், அலுவலகம் "அவர் எங்கள் ஊழியர் இல்லை, செய்தி தருகிறவர்" என்று சொல்லும். ஒருமுறை அப்படிச் சொன்னார்கள், என் காது கேட்க. அடுத்த நாள் காலையில் அதே அலுவலகத்திலிருந்து, தும்பளைப் பக்கம் ஒரு சண்டையாம் போய்ப் பார் என்று அழைப்பு. போனேன். போகாமல் என்ன செய்வது, வேறு ஒருவன் போய்விடுவான்.

கச்சேரியடி (செவ்வாய், காலை 10.45)

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இழையை நேற்றே கண்டேன், ஆறுதலாக எழுத வேண்டும் என்று விட்டுவைத்தேன்.

தம்பி ஒப்புநோக்கி, நாளைக்குப் புதன்கிழமை. கையெழுத்துப் போட வேண்டாம்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஊழியர்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தனியார் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிற்பாட்டுவதென்றால் இரண்டே வழிதான். ஒன்று ஊழியரின் எழுத்து மூலச் சம்மதம். மற்றது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. நட்டம் என்பது காரணமாக இருக்கலாம், ஆனால் அதை ஆணையாளருக்கு முன்னால் கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். உங்கள் மேசையில் வைத்த கடிதம் ஏன் "சொந்தக் காரணம்" என்று தொடங்குகிறது என்று இப்போது விளங்குகிறதா? அதுதான் அந்த எழுத்து மூலச் சம்மதம். நீங்கள் 'க்' போட்டுக் கொடுத்தது வேறு, பெயர் போட்டுக் கொடுத்திருந்தால் வேறு.

அனுமதி கொடுத்தாலும் நட்டஈட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறு முதல் பதினான்கு வரை இரண்டு மாதம். பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஒன்றரை மாதம். உங்களுக்கு 12.5, பிறகு 18, பிறகு 7.5, மொத்தம் 38 மாதச் சம்பளம். 48,000 ஆல் பெருக்குங்கள். 18 இலட்சத்து 24 ஆயிரம். அவர்கள் தருகிற மூன்று மாதம் 1 இலட்சத்து 44 ஆயிரம்.

பணிக்கொடை இதற்குள் வராது, அது தனி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 4 இலட்சத்து 56 ஆயிரம். பதவி விலகினாலும் அது உங்களுடைய காசு, வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். மூன்று மாதச் சம்பளத்தைப் பணிக்கொடை என்று சொல்லிக் கலக்குகிறார்களா என்றும் பாருங்கள், அந்த வித்தையையும் கண்டிருக்கிறேன்.

ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகப் போகிறதா? உங்களிடம் 8 வீதம் வெட்டியிருப்பார்கள், அவர்கள் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். வெட்டுவது சம்பளத் துண்டில் தெரியும், கட்டுவது தெரியாது. போய் மீதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிற்பாட்டினால் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பிந்தினால் கதவு பூட்டு.

விளம்பரப்பிரிவு (செவ்வாய், நண்பகல் 12.20)

அக்கா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் விசாரணை என்று போனால் தவணை தவணையாக இழுபடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதுவரை இவர் எதைச் சாப்பிடுவது? நிறுவனம் நாளைக்கே பூட்டிவிட்டால் 18 இலட்சத்தை யாரிடம் வாங்குவது? நடுவில் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதுதான் புத்தி.

கச்சேரியடி (செவ்வாய், நண்பகல் 12.50)

இழுபடும், மறைக்கவில்லை. பேசி முடிக்கலாம், அதுவும் தப்பில்லை. எங்கே இருந்து பேசுவது என்பதில்தான் விசயம். மேல்மாடியில் தனியாக இருந்து பேசினால் மூன்று மாதம். தொழில் அலுவலரின் மேசைக்கு முன்னால் ஏழு பேராக இருந்து பேசினால் தொகை மாறும்.

ஒப்புநோக்கி (செவ்வாய், இரவு 10.15)

அக்காவுக்கு நன்றி என்று சொன்னால் காணாது. மனைவி அந்தக் கணக்கைக் கலண்டரின் பின்பக்கத்தில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தா.

ஏழு பேரில் மூன்று பேர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பக்கம் வடிவமைத்த தம்பிமார் இரண்டு பேரும் கட்டாருக்குப் போகிற யோசனையில் இருந்தவர்கள், அவர்களுக்கு இது விமான ரிக்கற் காசு. நூலக அக்காவின் கதைதான் மனதைக் குடைகிறது. 26 வருடம். அவவுக்குக் கணக்குச் சொன்னேன். "போகட்டும் தம்பி, அந்தப் பழைய கட்டுகளை என்ன செய்யப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்" என்றா. கேட்டேன். ஸ்கேன் செய்வார்களாம். யார் செய்வது என்று கேட்டேன், பதில் இல்லை.

சேமலாப நிதியும் பார்த்தேன். 2020இலும் 2022இலும் சில மாதங்கள் காணவில்லை. சம்பளத் துண்டில் வெட்டு இருக்கிறது.

கச்சேரியடி (செவ்வாய், இரவு 10.40)

அந்தச் சம்பளத் துண்டுகளைத் தொலைக்க வேண்டாம். படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நூலக அக்காவிடம், கையெழுத்துப் போட்டாலும் பணிக்கொடை அவவுக்கு உண்டு என்று சொல்லுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து என்று தொழில் நியாய சபைக்கும் போகலாம், அதற்கும் ஆறு மாதம்தான். நிரூபிப்பது கஷ்டம், ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வசனத்தில் சொந்தக் காரணம் வந்திருக்கிறது என்பதை நீதிபதியும் வாசிப்பார்தானே.

பிளேன்ரீ (வியாழன், காலை 7.20)

இன்றைய பேப்பர் பார்த்தீர்களா? முன்பக்கம், எட்டுக் கொலம் தலைப்பு. 'வல்லிபுர ஆள்வார் தேரில் பவனி'. ஆளப்போகிறாராம். மாகாண சபைக்கா, பாராளுமன்றத்துக்கா என்று உள்ளே போடவில்லை.

கமராப் பெடியன் (வியாழன், காலை 7.44)

சரி, அந்த மென்பொருள் கதையை நான் திருப்பி எடுக்கிறேன்.

ஒப்புநோக்கி (வியாழன், காலை 8.30)

பார்த்தேன். சிரிக்க முடியவில்லை, அந்தப் பக்கத்தை விட்ட பெடியன் நல்லவன், இரவு இரண்டு மணிவரை தனியாக இருந்து பதினாறு பக்கம் பார்த்திருப்பான். இன்றைக்கு அவனுக்குத்தான் ஏச்சு விழும்.

நேற்று மேல்மாடிக்குப் போய், கையெழுத்துப் போடமாட்டேன், நிற்பாட்டுவதென்றால் நீங்களே எழுத்தில் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத்தில் தரவில்லை. வாசலில் கைரேகை வைக்கிற இயந்திரத்தில் இன்றைக்கு என் விரல் வேலை செய்யவில்லை. அதைக் ஃபோனில் வீடியோ எடுத்தேன், கமராப் பெடியனிடம் படித்ததுதான். நாங்கள் நான்கு பேரும் திங்கட்கிழமை தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகிறோம்.

வடமராட்சி நிருபர் (வியாழன், காலை 9.05)

அக்கா, ஒரு கேள்வி. நியமனக் கடிதம் இல்லாத ஒருவரும் போகலாமா?

கச்சேரியடி (வியாழன், காலை 9.40)

போகலாம். கடிதம் இல்லை என்பதால் ஊழியர் இல்லை என்று ஆகாது. யார் வேலை சொன்னது, எப்படிக் காசு வந்தது, எத்தனை காலம் என்பதைப் பார்ப்பார்கள். வெல்வீர்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வேலை சொல்லி வந்த குறுஞ்செய்திகள், உங்கள் பெயரோடு வந்த செய்திகளின் நறுக்குகள், இருக்கிற எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

வடமராட்சி நிருபர் (வியாழன், காலை 9.52)

நறுக்குகள் பதினொரு வருடத்துக்கும் இருக்கிறது. அம்மா உரப்பையில் கட்டி வைத்திருக்கிறா, இரண்டு பை. 750 பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா தெரியவில்லை.

ஒப்புநோக்கி (வியாழன், காலை 9.58)

பைக்கும் ரிக்கற் கேட்பான், கேட்டால் கொடுத்துவிட்டு வாரும் தம்பி. எட்டரைக்கு முதல் வந்தால் நல்லது. பஸ் நிலையத்தில் இறங்கி அழைப்பு எடும், ஒரு பையை நான் சைக்கிளில் வைக்கிறேன்.